பூட்டுக்குப் பரிவட்டம் கட்டிய வீடு

என்னை இடுப்பில் சுமந்து வளர்த்த செல்வி அக்காவுக்கு,

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. எழுத உட்கார்ந்தால் கோபம்தான் வரும் என்று தள்ளிப்போட்டேன். இப்போதும் அதே கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஊரும் படிக்கட்டும் என்று, வேலை பார்க்கும் அச்சகத்தில் நானே எழுத்துக் கோர்க்கிறேன்.

அந்த வீடு அப்படியேதான் இருக்கிறது. தேர் வீதி முனையில், மாடியும் பத்து அறைகளுமாக. பெரிய காஞ்சிபுரத்தில் ஓர் அறை கிடைக்காமல் எத்தனை குடும்பங்கள் ஊருக்கு வெளியே செவிலிமேட்டுப் பக்கம் போய்க் கொட்டகை போடுகின்றன. நம் வீட்டில் தறி போக மிஞ்சிய இடத்தில் ஆறு பேர் படுத்தோம். நீ கால் நீட்டினால் தறிக்குழிக்குள் போகும்.

வீடு ஏன் காலியாகக் கிடக்கிறது என்று வெளியூர்க்காரன் கேட்டால் பேய் என்பார்கள். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. புறப்பாட்டின்போது சாமி அந்த வாசலில் நிற்கும். வீட்டுக்காரர் தலையில் பரிவட்டத் துணி கட்டி முதல் மரியாதை செய்வார்கள். வீட்டுக்காரப் பெரியவர் செத்ததும், அந்தத் துணி யார் தலைக்கு என்று அவருடைய மகன்கள், அண்ணனும் தம்பியும், கோர்ட்டுக்குப் போனார்கள். வீட்டைப் பிரித்துக்கொள்ள இருவருக்கும் சம்மதம்தான். வாசலைப் பிரிக்க முடியவில்லை. தீர்ப்பு வரும்வரை ஒரு செங்கல்லையும் தொடக் கூடாது என்று உத்தரவு. இருவரும் வேறு வேறு ஊர்களில் சௌக்கியமாக இருக்கிறார்கள்.

யார் பக்கமும் சாய வேண்டாம் என்று கோயில்காரர்கள் பரிவட்டத்தைப் பூட்டுக்குக் கட்டினார்கள். பூட்டுக்குக் கற்பூரம் காட்டினார்கள். ஜனங்கள் பூட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பூட்டுக்கு மாலை வாங்குகிறவர்களை நம்பித்தானே நீயும் அந்தச் சுவரோரம் பூக்கூடை வைத்தாய்?

"பேய் இருக்குதுன்றாங்களே, பயமா இல்லியாக்கா?" என்று கேட்டேன்.

"இருந்தா இருக்கட்டும்பா. பத்து ரூமை வச்சிக்கினு ஒண்டியா இன்னா பண்ணுது? ஒண்ணை நமக்கு வுடச் சொல்லு."

மாடிக் கைப்பிடிச் சுவரில் விரிசலை முதலில் பார்த்தவளும் நீதான். நகராட்சிக்கு ஒரு மனு எழுதச் சொன்னாய். நாள் முழுக்க அடுத்தவன் கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்துக் கோர்க்கிற எனக்கு, உனக்காக நாலு வரி எழுத நேரமில்லை. ஐப்பசி மழையில் பாதிச் சுவர் உன் மேல் இறங்கியது.

இனி சொல்லப்போவது உனக்குப் பிடிக்காது. இப்போது அந்த வீட்டுப் பேய் நீதான்.

டீக்கடையில் ஒருவர் என்னை யாரென்று தெரியாமல் சொன்னார்: "மத்தியானத்துல மாடியில பூ வாசனை வருதுபா. அந்தப் பூக்காரம்மாதான்."

"நீங்க மோந்தீங்களா?"

"நான் ஏன்பா அந்தப் பக்கம் போறேன்?"

விரிசலைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. உன்னைப் பற்றிப் பேசுகிறார்கள். அண்ணன் தம்பிக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? உன்னைக் கொன்ற வீட்டுக்குப் புறப்பாட்டுக்கென்று சுண்ணாம்பு அடித்தாயிற்று, ஏணி எட்டிய உயரம்வரை. அதற்கு மேலே மிச்சப் பாதிச் சுவர் வீதியைப் பார்த்துச் சாய்ந்து நிற்கிறது. ஒவ்வொரு மழைக்கும் இன்னும் கொஞ்சம் குனிகிறது. நாளை மறுநாள் புறப்பாடு. அந்தச் சுவருக்குக் கீழேதான் கூட்டம் நிற்கும்.

நீ உட்கார்ந்த இடத்தில் இப்போது கன்னியம்மா பூ விற்கிறாள். ஏழு மாதக் கர்ப்பிணி. எதிர்ப்பக்கம் போகச் சொன்னேன்.

"எங்க போவச் சொல்றே? சாமி நிக்கிற எடம் இதானேபா."

"மேல பாரும்மா."

"மேல பாத்துக்கினு இருந்தா பூ யாரு கட்றது?" சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "உங்க அக்கா எனக்குக் காவலா மேலயே கீதாம். எல்லாரும் சொல்றாங்க."

இந்தத் தடவை மனு எழுதினேன். மூன்று. நகராட்சி ஆபீஸில் இருந்தவர் படிக்காமலே மடித்தார். "கேஸ் நடக்குதுபா. கை வெச்சா நாங்க உள்ள போவணும்." கொத்தனார்களைக் கூப்பிட்டேன். ஒருவரும் வரவில்லை. கோர்ட்டுக்குப் பயமா, உனக்குப் பயமா என்று அவர்கள் சொல்லவில்லை.

ஆகவே நாளைக் காலை, வெயில் ஏறியதும், வீதியை இரண்டு பக்கமும் கயிறு கட்டி மறித்துவிட்டு, கன்னியம்மாவின் கூடையை நானே தூக்கி எதிர்ப்பக்கம் வைப்பேன். பக்கத்து வீட்டு மாடி வழியாகக் கடப்பாரையோடு ஏறுவேன். சுவரை உள்பக்கமாக இழுத்துச் சாய்ப்பேன். தளம் என்னைத் தாங்குமா என்று தெரியாது. பல வருஷமாக அங்கே மனிதன் கால் வைத்ததில்லை.

சுவர் விழுந்தால் உன் வேலை என்றுதான் சொல்வார்கள். நான் விழுந்தாலும் அதையேதான் சொல்வார்கள். சொல்ல விடமாட்டேன் அக்கா, இது சத்தியம். இடிப்பவன் நான். போலீஸ் தேட வேண்டியதில்லை. இந்தக் காகிதம் ஊர் கைக்குப் போகும் நேரம் நான் மேலே இருப்பேன்.

பூக்காரச் செல்வியின் கூடப் பிறந்த தம்பி,
முருகேசன்
பெரிய காஞ்சிபுரம்