பொதுவழிக்கு ஒரு இங்கிலீஷ் சொல்

கொல்லம் 1106, ஆனி 2. செவ்வாய்.

காலை முதல் சாரல். தொழுவத்துக் கூரையில் ஒழுக்கு. ஓலை மாற்ற வேண்டும்.

நான் சொல்ல, மகள் செல்லம்மை எழுதுகிறாள். எனக்கு எழுத்துத் தெரியாது. அழகு பண்ணாதே, சொன்னதை எழுது என்று சொல்லியிருக்கிறேன். வேறு யாருக்கும் இல்லை இது.

பாதை விஷயம். மணவாளக்குறிச்சிக் கரையிலிருந்து எங்கள் ஊர் வழியாகத் திங்கள்சந்தைக்குப் போகும் ஒற்றையடிப் பாதை. தோப்புக்காரர் போன வாரம் அதன் குறுக்கே முள்வேலி போட்டுவிட்டார். தன் நிலமாம். மீன்காரிகள் வயலைச் சுற்றிப் போகிறார்கள். சந்தையில் இறக்கும்போது மீனின் கண் வெளுத்திருக்கிறது.

மேலாபீசுக்கு ஊர் மனு. இங்கிலீஷில் போனால்தான் எடுப்பார்களாம். எழுதுவது தேவசகாயம் வாத்தியார், மிஷன் பள்ளியில் இருந்து ஓய்ந்தவர். தோப்பில் தென்னை வைப்பதற்கு முன்பே பாதையில் நடந்தவன் நான் ஒருவன்தான் மிச்சம். அதனால் முதல் கைநாட்டு என்னுடையது. அது இல்லாமல் மனு நிற்காது என்கிறார்.

பொதுவழி என்று எழுதும் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பொது என்பதற்கு இங்கிலீஷில் நாலைந்து சொல் உண்டாம். ஜெனரல், காமன், யூனிவர்சல், பப்ளிக். எது வேண்டும் என்கிறார்.

ஜெனரல் என்றேன். ஜெனரல் ஆஸ்பத்திரியில் யாரையும் படுக்க வைக்கிறார்களே. வாத்தியாருக்குச் சிரிப்பு. நாளை வரச் சொன்னார்.

ஆனி 3. புதன்.

மழை இல்லை. வாழைக்கு மண் அணைத்தாயிற்று. இடுப்பு வலி.

வாத்தியார் வீட்டில் பாதிப் பகல். கட்டன் காப்பி. சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஆளைச் சொன்னேன். பாதையில் நான் கண்ட ஆட்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் இவர் போகலாமா என்று கேட்டேன்.

தேங்காய்ப்பட்டணத்துக் கருவாட்டு வியாபாரி, காது கேளாதவர். மண்டைக்காட்டுக் கொடைக்குத் தலையில் பொங்கல் பானையோடு போகும் பெண்கள். பாடை. பேதி வந்த வருஷம் எங்கிருந்தோ வந்த பைத்தியக்காரன். ஓலைக் கடவம் சுமந்த மீன்காரிகள்.

ஜெனரல் என்றால் பெரும்பாலும் எல்லோரும் என்றார் வாத்தியார். சிலரை ஒதுக்க அதில் இடம் உண்டு. ஆஸ்பத்திரி சங்கதி வேறாம். சரி, போகட்டும்.

காமன், கூட்டுச் சொத்து மாதிரி. எங்கள் ஊர்க் களம் போல. பங்குக்காரர் எல்லோருக்கும் உண்டு, பக்கத்து ஊரான் சூடடிக்க முடியாது. அப்படியானால் கருவாட்டுக்காரர் வெளியே. மீன்காரியும் வெளியே.

யூனிவர்சல், சூரியன் சந்திரன் வரைக்கும். படிக்கிற அதிகாரி சிரித்துவிட்டுக் கீழே போடுவார்.

பப்ளிக் என்றால் எவரும். கேள்வியே கிடையாது. ஆனால் அது சர்க்கார் கைக்குப் போய்விடும். பிறகு ஊருக்கு அதிகாரம் இல்லை. வாத்தியார் அதை இரண்டு தடவை சொன்னார். நல்ல மனுஷர்.

பப்ளிக் என்று எழுதச் சொன்னேன்.

ஆனி 5. வெள்ளி.

மூடல். கடல் இரைச்சல் வீடு வரை.

ஊர்க்கூட்டம். தோப்புக்காரர் ஆள் அனுப்பியிருந்தார். காமன் என்று எழுதினால் அவரும் ஒப்புக் கையெழுத்துப் போடுவாராம். வேலியில் ஒரு படல், நம் ஊர்க்காரருக்குத் திறந்துவிடுவாராம். கரையிலிருந்து வருகிறவர்களுக்கு இல்லை. ஊரே சரி என்றது. நான் மட்டும் தலையசைக்கவில்லை.

என் தங்கை மகன் வேலப்பன் எழுந்தான். கெட்டவன் இல்லை அவன்.

"மாமா, நமக்கு வழி கெடச்சாச்சு. மீன்காரிக்கு நீங்க எதுக்கு வக்காலத்து? பப்ளிக்குன்னு எழுதினா நாளைக்கு சர்க்காரு வருவான், பாதையோரத்துப் புளிய முறிப்பான், வண்டிப்பாதை போடுவான். அந்தப் புளி ஆரு வச்சது? நீங்கதானே?"

நான் வைத்ததுதான். அவன் சொல்வதும் நடக்கக் கூடியதுதான். முறிக்கட்டும் என்றேன். பாட்டாவுக்குப் புத்தி பிசகிப்போச்சு என்று பின்னால் யாரோ. சிரிப்பு. நான் எழுந்து வந்துவிட்டேன்.



ஆனி 6. சனி.

செல்லம்மை கோபமாக இருக்கிறாள். ஊரைப் பகைத்து எப்படி இருப்பது, உப்புக்கும் தீக்கும் யாரிடம் போவது என்கிறாள். இதையும் எழுது என்றேன். எழுதுகிறாள்.

அவளிடம் சொன்னேன். அவள் தாய் நீலம்மை வயிற்றில் பிள்ளையோடு போனவள். பெறாமலே போன சுமை. இறக்கி வைக்காமல் போனவளுக்கு ஆறுதலாக, வழக்கப்படி, அந்தப் பாதையில்தான் சுமைதாங்கி நட்டேன். இரண்டு கால் கல், மேலே ஒரு குறுக்குக் கல். தலைச்சுமையைத் தானே இறக்கும் உயரம். யாராவது சுமை இறக்கினால் அவளுக்கும் இறங்கும் என்பார்கள். கல் இப்போது வேலிக்குள்.

நம் ஊர்க்காரர் அங்கே சுமை இறக்குவதில்லை. அவர்களுக்கு வீடு கூப்பிடு தூரம். அதில் இறக்கியது எல்லாம் தூரத்து ஆட்கள்தான். காமன் என்று போட்டால் கல் இருக்கும், சுமை வராது.

 செல்லம்மை கேட்டாள்.

"அம்மைக்க கல்லுல அதிகமா சுமை எறக்கினது ஆரு அப்பா?"

"மீன்காரிகதான், மக்களே."

ஓலை இன்னும் மாற்றவில்லை.

ஆனி 8. திங்கள்.

சந்தை நாள். வெயில்.

வாத்தியார் காலையில் வந்தார். ஊர் கைநாட்டு வைக்காது என்று சொல்லியாயிற்று. அப்படியானால் மனு என் பெயரில். கூட யார் என்றார். வயல் சுற்றி வரும் வழியில் போய் நின்றோம். கடவம் சுமந்து ரோசம்மாளும் இன்னும் சில கரைப் பெண்களும் வந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். அவள் நம்பவில்லை.

"பாட்டா, உங்க ஊருக்குத் தொறந்து தாறாராமே. பொறவு எங்களுக்க கை எதுக்கு?"

"நீ நடந்த வழி மோளே. நீயும் சொல்லணும்."

வாத்தியார் மனுவை வாசித்துத் தமிழில் சொன்னார். பப்ளிக் என்ற இடத்தில் ரோசம்மாள் நிறுத்தினாள். தோப்புக்காரரும் அதில் நடக்கலாமா என்று கேட்டாள். அவரும்தான் என்றார் வாத்தியார். இன்னொருத்தி, அவரு நடந்தா நாங்க ஒதுங்கணுமா என்றாள். வேண்டாம் என்றேன். சிரித்தார்கள்.

முதலில் என் பெருவிரல். அடுத்து அவள். கையைச் சேலையில் துடைத்துத்தான் வைத்தாள். ஆனாலும் மையோடு ஒரு மீன் செதில் காகிதத்தில் ஒட்டிக்கொண்டது. வாத்தியார் நகத்தால் எடுக்கப் போனார்.

இருக்கட்டும் என்றேன்.

மத்தியானத் தபாலில் போயிற்று.