சாம்பல் பட்ட டார்ச்

2006, ஐப்பசி, செவ்வாய் இரவு.

என் டார்ச்சின் ரிஃப்ளெக்டர் கிண்ணத்தை மருமகள் கற்பகம் சாம்பல் கையால் தேய்த்துக் கெடுத்தாள். என்னைக் கேட்கவும் இல்லை.

ஒரே கிண்ணத்தில் மூன்று எல்.இ.டி. பல்புகளை நானே பொருத்தியிருந்தேன். முன்கண்ணாடி இன்னும் போடவில்லை. வெளிச்சம் மூன்று திட்டாகப் பிரிந்து நடுவில் இருட்டு விழும். பல்பு சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. காலையில் தறி ஓடியாக வேண்டும். கற்பகம் என் டார்ச் வெளிச்சத்தில், தறியின் புதுப் பாவு நூலைப் பழைய பாவு நூலோடு இழை இழையாகப் பிணைத்துக்கொண்டிருந்தாள். இழை வழுக்காமலிருக்கச் சாம்பல் தொட்ட விரலாலேயே கிண்ணத்தின் தூசியைத் துடைத்திருக்கிறாள். பளபளப்பு போய்விட்டது. கத்தினேன்.

"சும்மா கத்திகினு இருக்காதீங்க மாமா. நடுவுல இருந்த பொத்தல் பூடுச்சி. பாத்துட்டு அப்புறம் திட்டுங்க."

பார்த்தேன். வெளிச்சம் ஒரே வட்டமாகப் பாவின் மேல் நின்றது. கிண்ணத்தின் மினுமினுப்புதான் மூன்றையும் தனித்தனியாகக் காட்டியிருக்கிறது. பல்பின் மேல் குற்றமில்லை. பாவு முழுக்கப் பிணைத்து முடியும்வரை நான்தான் டார்ச் பிடித்தேன்.

கேட்காமல் தொட்டது தப்புதான். அதை விடமாட்டேன். நாளை இன்னொரு டார்ச்சுக்குக் கிண்ணம் வாங்க வேண்டியது நான். சாம்பலால் தேய்க்க வேண்டியது அவள். அவள் தறியில் உட்காருவதற்குள் நன்றி சொல்ல வேண்டியதும் நான்தான்.