குகை வாசலில் கிடக்கும் செருப்பு

தங்கத்துக்கு,

மாத்திரையை நேரத்துக்குப் போடு. பிள்ளைத்தாச்சி கண்டதையும் யோசிக்கக் கூடாது. உன் தம்பி செழியன் ஏன் இன்னும் வில்லாபுரம் வீட்டுக்கு வரலைன்னு ஆள் அனுப்பிக் கேட்டிருக்கே. வருவான்.

ஞாயித்துக்கிழமை வழக்கம்போல நாங்க நாலு பேரும் மலைக்குகைக்குப் போனோம். எங்க பழக்கம்தான் உனக்குத் தெரியுமே. செருப்பை வாசல்ல கழட்டிப் போட்டுட்டுத்தான் உள்ள நுழைவோம். வெளிய வர்றவன் தன் செருப்பை மாட்டிக்கிடணும். செருப்பு மிச்சமில்லைன்னா உள்ள ஆளில்லைன்னு அர்த்தம். நாங்க உள்ள இருக்கையில மழை பிடிச்சு, குகைக்குள்ள தண்ணி இறங்கிருச்சு.

எனக்கு ஒண்ணுமில்லை. முட்டியில சிராய்ப்பு, அம்புட்டுத்தான்.

தண்ணி வடியட்டும்னு தீயணைப்புக்காரங்க காத்திருக்காங்க. நானும் குகை வாசல்லதான் உக்காந்து இதை எழுதுறேன். நீ அனுப்பின ஆள்கிட்டயே கொடுத்து விடுறேன். அத்தைகிட்ட காட்டாதே.

இப்ப அவங்க கயிறைச் சுருட்ட ஆரம்பிச்சிட்டாங்க. கூட வந்த பால்பாண்டி, "மாப்ள, அந்தச் செருப்பையாச்சும் வீட்டுக்குக் கொண்டுபோயிருவோம்"னான். தீபாவளிக்கு நீ தம்பிக்கு வாங்கிக் கொடுத்த செருப்புதான். அவன் சட்டையைப் பிடிச்சிட்டேன்.

அதை எடுத்துட்டா உள்ள ஆளில்லைன்னு ஆயிருமே.

உன் வீட்டுக்காரன்