பாட்டிலின் அடியில் நின்ற தண்ணீர்

பரிமளா,

ஜெனரேட்டரைத் தொடாதே. பதினோரு மணிக்கு மெக்கானிக் பாஷா பாய் வந்து டேங்கைக் கழுவித் தருவார். தறிக்கூடச் சாவி அரிசி டப்பா மேல் இருக்கிறது. அவருக்கு டீ கொடு. சர்க்கரை போடாதே, அவருக்கு ஆகாது.

நேற்று நீ கடைக்குப் போயிருந்தபோது டேங்கில் இருந்த பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துக் காட்டினார். அடியில் தண்ணீர் போல ஒன்று தனியாக நின்றது. "பாத்தீங்களா பாய், கலந்துதான் குடுத்திருக்கான்" என்றேன்.

"யாரும் கலக்கலீங்க. இப்போ பெட்ரோல்ல எத்தனால் இருக்குது. ஈரமான எடத்துல மாசக்கணக்கா சும்மா வெச்சிகினு இருந்தா, அது ஈரத்த இழுத்துகினு அடியில தங்கிடும்" என்றார்.

பட்டு இழை அறக்கூடாதென்று தினமும் தறிக்கூடத்துத் தரைக்குத் தண்ணீர் தெளிப்பது நான். அந்த மூலையில்தான் நான்கு மாதமாக ஜெனரேட்டரை வைத்திருந்தேன், மூடியைக்கூடச் சரியாக இறுக்காமல்.

போன வாரம் அது கிளம்பாதபோது, நான்கு மாதம் முன்பு பெட்ரோல் வாங்கி வந்த பாவத்துக்கு உன் தம்பியை உன் எதிரிலேயே, கலப்படம் செய்து காசடித்த திருடன் என்றேன். சரவணன் அதன்பிறகு நம் வீட்டுப் படி ஏறவில்லை. நீயும் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்கிறாய்.

கண்ணமங்கலத்துக்கு அவனைப் பார்க்கப் போகிறேன். மத்தியானம் எனக்காகக் காத்திருக்காதே, சாப்பிட்டுவிடு.

பாட்டில் ஜன்னலில் இருக்கிறது. நீயும் பார். அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதே.

எழுத மறந்தேன்: ராத்திரிக்கு மூன்று பேருக்கு உலை வை. அவன் வராவிட்டால், மீந்த சோற்றைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்காதே.