மச்சான் எழுதிவைத்த மனு

என் லைசென்ஸைப் பறித்த அருமை மச்சானுக்கு,

அங்கே சௌக்கியமா? இங்கே எல்லோரும் நலம். உங்கள் தங்கச்சி செல்லம்மா உங்களை நினைத்து அழுகிறாள், அழுத கையோடு என்னையும் வைகிறாள். உங்கள் மருமகள் கோதைக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. கள்ளுக்கடைகளைச் சர்க்கார் பூட்டியாயிற்று. நீங்கள் போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை, அதற்குள் இத்தனை சேதி.

இதை நான் ஊரறிய எழுதுவதற்குக் காரணம் உண்டு. இத்தனை வருஷமும் உங்களை நாலு பேர் முன்னால் வைதவன் நான். சொல்ல வேண்டியதையும் நாலு பேர் முன்னால்தானே சொல்ல வேண்டும்? விஷயம் தெரியாதவர்களுக்காக நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். போலீஸ் ஏட்டாக இருந்தவர் நீங்கள், தப்பிருந்தால் மனசுக்குள் திருத்திக்கொள்ளுங்கள்.

யுத்தகாலம். பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்து, பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு பஸ்கள் ஓடிய நேரம். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நான் வண்டி எடுத்தேன். எடுப்பதற்கு முன்னால், வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று இரண்டு கலயம் கள்ளும் எடுத்தேன். முன்சீட்டில் செல்லம்மா, ஏழு மாசம். "செத்த மெதுவாத்தான் போங்களேன்" என்று அவள் சொல்லச் சொல்ல, நான் பாட்டுப் பாடிக்கொண்டு ஒரு வைக்கோல் வண்டியை உரசினேன். வண்டிக்காரர் தப்பினார். பாதி வைக்கோல் எங்களோடு ஊர்வலம் வந்தது.

ஊர் எல்லையில் புளியமரத்தடியில் நீங்கள் கையைக் காட்டினீர்கள். எப்போதும் 'மாப்பிள்ளை' என்று வாய் நிறையக் கூப்பிடுகிற மனுஷன், அன்றைக்கு "டிரைவர், கீழ எறங்கும்" என்றீர்கள். ரோட்டில் கம்பால் ஒரு கோடு கிழித்து அதன்மேல் நடக்கச் சொன்னீர்கள். வண்டிக்குள்ளிருந்து ஒருத்தர், "ஏட்டையா, ரோடே நேரா இல்ல. அவரு மட்டும் எப்பிடி நேரா நடப்பாரு?" என்று எனக்காக வாதாடினார். நான் கோட்டை விட்டுவிட்டு நேராக வந்து உங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

செல்லம்மாவை ஒரு கூண்டு வண்டியில் ஏற்றி உங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனீர்கள். டாக்டர் முகர்ந்து பார்த்தார், கண்ணைப் பார்த்தார். ஒரு தாளைக் கொடுத்துப் பெயரை எழுதச் சொன்னார். நான் கருத்தாக பஸ் நம்பரை எழுதிக் கொடுத்தேன். அதற்குமேல் சாட்சி எதற்கு?

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் கேட்டாரே, நினைவிருக்கிறதா? "இவர் உமக்கு உறவாமே?"

"ஆமாங்கய்யா. எந் தங்கச்சி வீட்டுக்காரரு."

"அப்படியிருந்துமா பிடித்தீர்?"

"வண்டிக்குள்ள எந் தங்கச்சி இருந்தாய்யா. மத்தவிய தங்கச்சிமாரும் இருந்தாவ."

மாஜிஸ்திரேட் மெச்சித் தலையாட்டினார். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. அபராதம் போட்டு, ஆறு மாசத்துக்கு லைசென்ஸையும் நிறுத்தினார்கள். லைசென்ஸ் புத்தகத்தில் என் குற்றத்தைச் சிவப்பு மையில் எழுதினார்கள். அந்த ஆறு மாசமும் அதே பஸ்ஸுக்குப் பின்னால் நின்று, கரி அடுப்புக்குக் காற்றடிக்கும் சக்கரத்தைச் சுற்றினேன். புளியமரத்தடியில் நீங்கள் நின்றால், கரி அப்பிய முகத்தை வேண்டுமென்றே உங்கள் பக்கம் திருப்பிக் காட்டுவேன். நீங்கள் சிரிக்கவில்லை. அதுவும் எனக்குக் கோபம்தான்.

கோதைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி வேண்டுமே, உங்களைத் தவிர்க்க முடியவில்லை. காக்கிச் சட்டையோடே வந்து உட்கார்ந்தீர்கள். குத்தி முடிப்பதற்குள் பிள்ளை அந்தக் காக்கியை நன்றாக நனைத்துவிட்டாள். உண்மையைச் சொல்கிறேன் மச்சான், எனக்கு உள்ளூர அவ்வளவு சந்தோஷம்.

பிறகு மூன்று வருஷம் நான் ஒழுங்காக ஓட்டியதும் நீங்களே ஒரு நாள் வந்து சொன்னீர்கள். "மாப்பிள்ளை, சட்டத்துல ஒரு வழி இருக்கு. மூணு வருஷம் வேற தப்பு இல்லேன்னா, பழசக் குடுத்துட்டுச் சிவப்பு மை இல்லாத புது லைசென்ஸ் வாங்கிக்கிடலாம். ஒரு மனு போட்டாப் போதும்."

"இருக்கட்டும் மச்சான். நீங்க செஞ்ச காரியத்த நாலு பேரு பாக்கட்டும்" என்றேன் நான்.

வீம்பு. வேறென்ன? மதுரை லைன் பஸ் முதலாளி இரண்டு தடவை கூப்பிட்டு, இரண்டு தடவையும் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். அப்போதும் நான் மனுப் போடவில்லை. டீக்கடையில் புத்தகத்தைப் பிரித்துக் காட்டி உங்களை வைவது எனக்கு மதுரையைவிடப் பெரிதாக இருந்தது. நீங்களோ விசேஷ வீடுகளில் என் காதோரம் வந்து "சாப்ட்டீங்களா மாப்பிள்ளை?" என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் ஊம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

போன வாரம் அக்கா, அதுதான் உங்கள் வீட்டம்மா, உங்கள் உடுப்புப் பெட்டியைத் திறந்தார்கள். உடுப்புக்கு அடியில் ஒரு தாள். என் பெயரில் நீங்களே எழுதிவைத்திருந்த மனு! கையெழுத்து மட்டும்தான் பாக்கி. ஆனால் போலீஸ் கை போகுமா? நான் எழுதுவதுபோல் தொடங்கி, நடுவில் உங்கள் பாணிக்குப் போய்விட்டீர்கள். "மேற்படி டிரைவர் அன்று தொட்டு இன்றுவரை குடிக்கவில்லை. அவர் வாயில் வாடை எதுவும் வீசவில்லை என்பதைப் பல விசேஷங்களில் பக்கத்தில் நின்று நானே பார்த்திருக்கிறேன். மேற்படியார் நல்ல மனுஷர்."

அடப்பாவி மச்சான்! சாப்பிட்டீர்களா என்று கேட்டதெல்லாம் இதற்குத்தானா? விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவன் எப்போது அழத் தொடங்கினேன் என்று தெரியவில்லை. செல்லம்மா பக்கத்தில் வந்து, "இப்பயாவது தெரியுதா எங்கண்ணன?" என்றாள்.

தெரிகிறது. நீங்கள் செய்தது சரி மச்சான். அன்றைக்கு நீங்கள் கையைக் காட்டாமல் விட்டிருந்தால் முன்சீட்டில் இருந்த இரண்டு பேரும் என்ன ஆகியிருப்பார்களோ! இதை நீங்கள் இருக்கும்போது ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லையே. எத்தனை தடவை காதோரம் வந்து நின்றீர்கள்?

நேற்று அந்த மனுவை ஆபீஸில் கொடுத்தேன். குமாஸ்தா படித்துவிட்டு, "இது மனுவா, போலீஸ் ரிப்போர்ட்டா?" என்று கேட்டார். "ரெண்டும்தாய்யா. எங்க மச்சான் எழுதுனது" என்றேன். அவரும் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டார். பழைய புத்தகத்தை அவர் கையில் கொடுத்துவிட்டேன். இனி டீக்கடையில் காட்ட ஒன்றும் இல்லை.

புது லைசென்ஸ் வந்ததும் மதுரை லைனில் ஓட்டப்போகிறேன். முதல் நாள் முன்சீட்டில் உங்கள் தங்கச்சியும் மருமகளும் உட்கார்ந்து வருவார்கள். அந்தப் புத்தகத்தில் ஒரு பொட்டுச் சிவப்பு மை விழாது மச்சான், இது சத்தியம். புளியமரத்தடியில் மெதுவாகப் போவேன். நீங்கள் தாராளமாகக் கையைக் காட்டலாம்.

மனுவில் நீங்கள் விட்டுவைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பஸ் நம்பரை எழுதவில்லை. என் பெயரைத்தான் எழுதினேன், இங்கே எழுதுவதுபோலவே.

உங்கள் தங்கச்சி வீட்டுக்காரன்,
மேற்படி மாப்பிள்ளை,
முத்தையா