உன் முறைக்கு ஒரு ஃபில்டர்

அண்ணே,

நீ போட்ட ஆயில் ஃபில்டரை இன்று காலை கழற்ற முடியவில்லை. காருக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்து, துணியைச் சுற்றிப் பிடித்து இரண்டு கையாலும் திருகிப் பார்த்தேன். அசையவே இல்லை. ரப்பர் வளையம் இஞ்சினைத் தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று போதும் என்று டப்பாவிலேயே படம் போட்டிருக்கிறான். நீ படம் பார்க்கிறவன் இல்லை. உடம்பிலிருந்த பலத்தையெல்லாம் போட்டு இறுக்கியிருக்கிறாய். அடுத்து அதைக் கழற்றப்போவது நான்தான் என்று தெரிந்தே இறுக்கினாய் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆவணியில் நீ ஒரேயடியாகப் போய்விட்டாய். இது ஐப்பசி. அந்த நினைப்பு மட்டும் போகவில்லை.

அப்பாவுக்குப் பிறகு தல்லாகுளத்து வீட்டைப் பிரித்தோம். முன்கட்டு எனக்கு என்று அப்பா என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருந்தார். பத்திரத்தில் அது உனக்கு என்றிருந்தது. "வாயில சொன்னதுக்கு எங்கடா முத்திரை?" என்று பெரியவர்கள் முன்னால் கேட்டாய். பேசாமல் பின்கட்டை வாங்கிக்கொண்டேன். அப்பாவின் காரைப் பிரிக்க முடியவில்லை, விற்கவும் இருவரும் சம்மதிக்கவில்லை. ஊரில் பங்காளிகள் பொதுக்கிணற்றுக்கு முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதுபோல, மாமா காருக்கு முறை வைத்தார். சித்திரை முதல் ஆறு மாதம் உனக்கு, ஐப்பசி முதல் ஆறு மாதம் எனக்கு. பின்கட்டுக்குள் கார் நுழைய வழியில்லாததால் என் முறையிலும் அது உன் வாசலில்தான் நின்றது. அதற்கும் சேர்த்துத்தான் உன்மேல் கோபம்.

அதன்பின் நாம் நேருக்கு நேர் பேசியதில்லை. பேச வேண்டியதைக் காரிடம் பேசினோம். சாவி கைமாறியதும் முதல் வேலை ஆயில் மாற்றுவது. மற்றவன் ஊற்றிய ஆயிலில் ஓட்ட இருவருக்கும் நம்பிக்கை இல்லை, மெக்கானிக்கிடம் விட அதைவிட நம்பிக்கை இல்லை. நீ கார் கம்பெனி கவுன்டரில் வாங்கிய ஃபில்டரைத்தான் போடுவாய். நான் காளவாசல் கடையில் கம்பெனி முத்திரை இல்லாத வெளி ஃபில்டர் வாங்குவேன். கம்பெனிக்குச் செய்துகொடுக்கிறவனே தன் பெயரிலும் விற்கிறான், டப்பாதான் வேறு என்று படித்தும் விசாரித்தும் வைத்திருந்தேன்.

நான் அடியில் படுத்திருக்கும்போது நீ வந்து பானெட்டைத் தட்டுவாய்.

"ஏ மகராசி, உனக்கு வந்த கதியப் பாத்தியா? வாஷர்கூட வராத ஃபில்டர வாங்கியாந்து மாட்டுறாக. காலேசுல பாடம் நடத்துறவுக, நம்ம சொன்னா எடுபடுமா?"

நானும் காரிடமே சொல்வேன். "உள்ள இருக்கிறது அதே காகிதந்தான். மேல பேரு அடிச்சதுக்குத்தான் அம்புட்டு விலைன்னு சிலருக்கு நீயாச்சும் எடுத்துச் சொல்லு."

"பேரு போட்டவன் நாளைக்கு ஒண்ணுன்னா பதில் சொல்லுவான். பேரில்லாதவன எங்க போய்த் தேட?"

ஒவ்வொரு தடவையும் இதைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவாய். ஃபில்டரானாலும் வீடானாலும் நீ நம்பியது முத்திரையைத்தான்.

ஃபில்டர் கழற்றும் ஸ்பேனர் வாங்க அதே காரில் காளவாசல் போனேன். நல்லவேளை, ஆயிலை இன்னும் வடிக்கவில்லை. கடைக்கார பாய் என்னை அறிவார், காரை இன்றுதான் பார்த்தார். ஆயில் மூடியைத் திறந்து, செல்போன் வெளிச்சத்தில் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, இம்புட்டு வயசான வண்டி, உள்ள ஒரு கசடு இல்ல! யாரு பாத்துக்கிறது?"

"நானும் எங்க அண்ணனும். ஆளுக்கு ஆறு மாசம். முறை மாறுறப்ப ஆயிலயும் மாத்திருவோம்."

"எந்த ஃபில்டரு?"

"எனக்கு வெளி. அவருக்குக் கம்பெனி."

பாய் சிரித்துவிட்டார். "அப்ப எது ஒசத்தின்னு இந்த வண்டிய வச்சுச் சொல்லவே முடியாதுண்ணே. ஆனா அண்ணன் தம்பின்னா இப்படில்ல இருக்கணும். எங்க வீட்லயும் இருக்கானுகளே!"

ஒருவனை ஒருவன் நம்பாததால் சுத்தமாக இருக்கிற இஞ்சின் அது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? எந்த ஃபில்டர் உசத்தி என்ற நம் வழக்கும் தீர்ப்பில்லாமலே நிற்கிறது.

வீட்டுக்கு வந்து உன் ஃபில்டரைக் கழற்றினேன். ஸ்பேனருக்கே முனகிக்கொண்டுதான் வந்தது. பழைய ஆயில் தட்டில் வடிந்துகொண்டிருந்தபோது மதினி வாசலுக்கு வந்தார். சாவியை நேற்றே கொடுத்திருந்தார். சொல்ல வந்ததை இன்றுதான் சொன்னார்.

"இனிமே என்ன முறை தம்பி? எனக்கு ஓட்டத் தெரியுமா, ஒண்ணா? நீங்களே வச்சுக்கங்க. இல்ல, வித்துருங்க. எங்கன்னு காட்டுங்க, கையெழுத்துப் போடுறேன்."

முழுக் காரும் எனக்கு. நீ இருந்தபோது இந்த வார்த்தையை யாராவது சொல்லியிருந்தால் அன்றே கையெழுத்து வாங்கியிருப்பேன். இன்று என்னவோ சுருக்கென்றிருந்தது. அந்தக் காரும் ஒருவனுக்கே என்றாகிவிட்டால் நமக்குள் பொதுவில் எதுவுமே மிச்சமில்லை, அண்ணே. சண்டைகூட இல்லை.

"சித்திரை பிறந்ததும் சாவியத் தருவேன். வாங்கி வச்சுக்கங்க மதினி," என்றேன்.

"ஓட்டாத வண்டிக்கு எதுக்குத் தம்பி?"

"அது அண்ணன் முறை."

"அவுகளும் இப்படித்தான், பிடிச்சா பிடிச்சதுதான்," என்று சொல்லிவிட்டு மதினி உள்ளே போனார்.

எனக்கு வாங்கியிருந்த வெளி ஃபில்டரை மாட்டி, முக்கால் சுற்றோடு நிறுத்தினேன். மத்தியானம் கம்பெனி கவுன்டருக்குப் போனேன். வாழ்நாளில் முதல் தடவை. ஏசி போட்ட அறை, டோக்கன், காத்திருப்பு. நீ இதையெல்லாம் எப்படிப் பொறுத்தாயோ. "ஒரு ஃபில்டர் போதுமா சார்?" என்று கேட்டான் கவுன்டரில் இருந்த பையன். போதும், எங்க அண்ணனுக்குத்தான் என்றேன். வாஷரும் கூடவே வந்தது.

அது இப்போது என் பீரோவில், டப்பா பிரிக்காமல் இருக்கிறது. முன்கட்டு விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான். அதை நான் மறக்கவுமில்லை, மன்னிக்கவுமில்லை. ஆனால் அடுத்தவன் முறையை எடுத்துக்கொள்கிறவன் நானில்லை. சித்திரை பிறந்ததும் உன் வாசலில் சாக்கை விரித்து, உன் கம்பெனி ஃபில்டரைப் போடுவேன். நீ இறுக்குவதுபோலவே இறுக்குவேன்.

ஐப்பசியில் அதைக் கழற்றப்போவதும் நான்தான்.