குழாயடியில் சொன்ன சொல்

குன்னூர்
11.6.1995

அப்பாவுக்கு வேலாமணி எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க வேண்டுமாம். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கும் அது தெரியும். இங்கே நலமில்லை, அதனால் எழுதவில்லை. தேவர்சோலையில் அத்தை வீட்டில் நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்தாலும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

அம்மா குடிக்கவில்லை. இந்த ஒரு வரியை மட்டும் முதலில் படியுங்கள்.

ஐந்து நாளாக அம்மா இங்கே ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். காய்ச்சலில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பக்கத்து வீட்டு மெட்டில்டா அக்காதான் எஸ்டேட் ஜீப்பைக் கேட்டு வாங்கிக் கொண்டுவந்து சேர்த்தாள். டாக்டரம்மா வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்தி, மூச்சை இழுக்கச் சொன்னார்கள். அம்மாவுக்குப் பாதி மூச்சிலேயே வலி பிடித்துக்கொண்டது. ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். பித்தப்பையில் கற்கள். அதில் ஒன்று இறங்கிப் பித்தம் போகும் குழாயை அடைத்துக்கொண்டிருக்கிறது. வெளியே போக வழியில்லாத பித்தம் ரத்தத்தில் கலந்துதான் கண் மஞ்சளானதாம். ஈரல் இன்னும் கெடவில்லை, தள்ளிப்போட்டால் கெடும், உயிருக்கும் ஆபத்து என்றார்கள்.

பிப்ரவரியில் வயிற்று வலியும் மஞ்சள் கண்ணுமாக அம்மாவை எஸ்டேட் டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனது நினைவிருக்கிறதா? அத்தனை பேர் முன்னால் கம்பவுண்டர் மனுவேல், “குடிக்கிற பழக்கம் உண்டா?” என்று கேட்டார். அம்மாவிடம் யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. கூச்சத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பையே பதிலாக எடுத்துக்கொண்டு அவர் சீட்டில் குடியால் ஈரல் வீக்கம் என்று எழுதினார். பின்னால் நின்ற நீங்களும் நம்பினீர்கள். பதினெட்டு வருடம் கூட இருந்த மனுஷி, குடிப்பதில்லை என்று வீட்டுக்கு வந்து சொன்னதை நம்பவில்லை.

கீழாநெல்லியும் பத்தியமும் கொடுத்தோம். உப்பில்லை, எண்ணெயில்லை, கறியில்லை. சமைத்தவள் நான். வலி நின்றது. “பாத்தியா, குடியை நிறுத்துனதும் சரியாப் போச்சு” என்றீர்கள். எண்ணெய்ச் சாப்பாடு இல்லாததால்தான் வலி நின்றது என்று டாக்டரம்மா சொல்கிறார்கள். அது நமக்குத் தெரியாது. தெரியாததற்கு உங்களைக் குறை சொல்லவில்லை.

ஆனால் மாரியம்மன் திருவிழா அன்று? பத்தியம் முடிந்ததென்று கறிக்குழம்பும் எண்ணெயில் சுட்ட கச்சாயமும் ஆசையாகச் சாப்பிட்டாள். சாயங்காலமே வலி வந்து குழாயடியில் குனிந்து வாந்தியெடுத்தாள். நீங்கள் அவள் முடியைப் பிடித்து நிமிர்த்தி, “மறுபடியும் ஊத்திக்கிட்டியாடி? ஊது பாக்கலாம்” என்றீர்கள். லைன் வீட்டு ஜனமெல்லாம் குடத்தோடு நின்று பார்த்தது. அம்மா ஊதினாள். வயிற்றுக்குக் குடித்த ஓமத்தண்ணீர் வாசம்தான் வந்தது. “வாசத்தை மறைக்கறா” என்றீர்கள். சங்கிலி மாமா, “ஏனுங்க மாராத்தாக்கா, எங்களுக்கும் ஒரு வாய் வெச்சிருக்கலாமில்லீங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் நீங்கள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டீர்கள்.

என் மேலும் தப்பு இருக்கிறது. நீங்கள் போன பிறகு அம்மா உடம்பெல்லாம் சொறிந்துகொண்டே இருந்தாள். சிறுநீர் கடுந்தேநீர் போலப் போனது, மலம் வெளுத்துப் போனது. பத்து நாள் பார்த்தேன். அதை எப்படி வெளியே சொல்வது என்று வெட்கப்பட்டுக்கொண்டு இருந்துவிட்டேன். டாக்டரம்மா கேட்டபோதும் அம்மா, “அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க” என்றாள். அப்போதுதான் நான் வாய் திறந்தேன். “சுண்ணாம்பு மாதிரி போகுதுங்க” என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வார்டே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

வியாழக்கிழமை ஆபரேஷன். அம்மா சம்மதக் காகிதத்தில் ரேகை வைக்க மாட்டேன் என்கிறாள். “என்ர புருசன் அத்தனை பேர் முன்னால சொன்னாரு. அவரே வந்து இல்லைன்னு சொல்லட்டும், அப்பறம் வெக்கறனுங்க” என்று டாக்டரம்மாவிடமே சொல்லிவிட்டாள். மெட்டில்டா அக்கா கெஞ்சினாள், நான் அழுதேன், திட்டவும் செய்தேன். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கூடலூர் பஸ் கண்டக்டர் அழகர்சாமி அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கிடைக்கவில்லை என்று நீங்கள் சொல்ல முடியாது. புதன்கிழமைக்குள் வாருங்கள். பழமோ ஹார்லிக்ஸோ வேண்டாம். அம்மா காதில் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போகவும் வேண்டாம். இந்த வார்டில் இருபத்திரண்டு கட்டில் இருக்கிறது. குழாயடியில் சொன்ன அதே சத்தத்தில் சொல்லுங்கள். அம்மா ரேகை வைப்பாள்.

அங்கே மழை பிடித்துவிட்டது என்கிறார்கள். உங்களுக்கு இருமல் வரும். காதுக்கு மப்ளர் கட்டிக்கொண்டு, முதல் பஸ்ஸிலேயே வாருங்கள் அப்பா.

உங்கள் மகள்,
மா. வேலாமணி

மேலே இருப்பது அம்மா பெயரின் முதலெழுத்து. உங்கள் பெயரின் முதலெழுத்தைப் போடவில்லை. நீங்கள் வந்த பிறகு போட்டுக்கொள்கிறேன்.